பிள்ளையார் சுழி போட்ட வாக்குச்சீட்டு

அண்ணை,

இன்று காலை உங்கள் கடை வாசலில் பெயின்ட் வாசனை. ஹில்ஸ்பரோவில் உங்கள் நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்திக் கதவைத் திறந்தேன். ஏறியவர்களோடு சேர்ந்து அந்த வாசனையும் ஏறிக்கொண்டது. ஆரஞ்சுச் சட்டை போட்ட இரண்டு பேர் ரோட்டில் குனிந்து வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பேருந்துக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்த தடத்தின் பச்சைப் பெயின்ட்டைப் போன வாரமே சுரண்டி எடுத்துவிட்டார்கள். இப்போது அதே இடத்தில் கார் நிறுத்தக் கட்டம் போடுகிறார்கள். கம்பத்தில் புதுப் பலகையும் ஏறிவிட்டது, பதினைந்து நிமிடம் நிறுத்தலாம் என்று.

நீங்கள் கேட்டது அதேதான். ஒரு நிமிடம் கூட்டியோ குறைத்தோ கேட்கவில்லை. "பதினைஞ்சு நிமிசம் காணும் தங்கச்சி. ஒரு பால் போத்திலும் பாணும் வாங்க அதுக்கு மேலே ஆருக்கு வேணும்?" என்பீர்கள். வந்துவிட்டது, அண்ணை. கடைதான் இல்லை. அந்த இடத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். அதற்குப் பதினைந்து நிமிடம் போதாது.

எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது. முன் சீட்டில் இருந்த அம்மாள் ஒருத்தி, "ஆர் யூ ஓகே, டிரைவர்?" என்று கேட்டாள். ஓகேதான் என்றேன். ஆனால் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கண் கலங்கிவிட்டது. சிரிக்க வேண்டியதா அழ வேண்டியதா என்று தெரியாத விஷயம் ஏதாவது வந்தால், முன்பெல்லாம் இடைவேளையில் உங்கள் கடைக்கு வந்து கொட்டிவிட்டுப் போவேன். இனி எங்கே போய்க் கொட்டுவது? அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது எதிரிகளாகத்தான். பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்குப்பதிவு. நீங்கள் அந்தக் கட்சிக்கு முகவர், நான் இந்தக் கட்சிக்கு. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். யார் யார் வந்து வாக்களித்தார்கள் என்று குறித்துக்கொள்ள ஆளுக்கொரு தாள். எழுதத் தொடங்கும்போது நான் பழக்கதோஷத்தில் மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். எட்டிப் பார்த்தால் உங்கள் தாளிலும் அதே சுழி. அதன் கீழே மட்டும் இரண்டு கோடு. நீங்கள் என் தாளைப் பார்த்தீர்கள், நான் உங்கள் தாளைப் பார்த்தேன்.

"பிள்ளையாருக்கு இண்டைக்குப் பெரிய கரைச்சல்தான்," என்றீர்கள். "ஆற்றை பக்கம் எண்டு பார்ப்பார்?"

"ரெண்டு கோடு எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"ஒண்டு போட்டால் ஆடும்."

எனக்கு அண்ணன் கிடையாது. அன்றைக்கு மாலையே உங்களை 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் அது உங்கள் ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரி 'அண்ணை' ஆகிவிட்டது. நான் பேருந்து ஓட்டிச் சம்பளம் வாங்குகிறவள். நீங்கள் 'டெய்ரி' என்று இந்த ஊரில் சொல்கிற மூலைக்கடை நடத்துகிறவர். நமக்குக் கட்சி வேறு வேறாக இருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இவ எதிர்க்கட்சி. தேத்தண்ணிக்குச் சீனி குறைச்சுத்தான் போடுவன்," என்பீர்கள். உங்கள் கட்சி வேட்பாளரை நான் கிண்டல் செய்தால் நீங்களும் சேர்ந்துகொள்வீர்கள். "அந்தப் பெடியன் கடைக்கு வந்து என்னோட செல்ஃபி எடுத்தவன். ஒரு பால் வாங்கேல்லை, பாரும்," என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் பேருந்துத் தடம் போடும் திட்டம் வந்தது.

உங்களுக்கு அது கடை வாசலில் நின்ற ஐந்து கார்களின் இடம். கார் நிற்காவிட்டால் ஆள் இறங்கமாட்டான், ஆள் இறங்காவிட்டால் கடை இல்லை. எனக்கு அது வேறு. காலையில் அந்த ரோட்டில் பேருந்து நகராது. தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் என் இடைவேளை போய்விடும். இடைவேளை போனால் கழிப்பறைக்குப் போகக்கூட நேரம் இருக்காது. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண் இதை எத்தனை பேரிடம் சொல்ல முடியும்? உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கப்பட்டேன். உங்களிடம் 'பொதுப் போக்குவரத்து', 'சுற்றுச்சூழல்' என்று மேடைப் பேச்சு பேசினேன். நீங்களும் 'சிறுதொழில்', 'கருத்துக் கேட்காத நிர்வாகம்' என்று உங்கள் கட்சித் தாளைப் படித்தீர்கள். இரண்டு பேரும் கட்சி சொல்லிக் கொடுத்ததைத்தான் பேசினோம். நம்முடையதைப் பேசவே இல்லை.

கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனீர்கள். நகரசபை முறையாக மக்களைக் கேட்கவில்லை என்று வழக்கு. நகரசபைப் பக்கத்து வக்கீல், அந்த ரோட்டில் ஓட்டும் டிரைவர்களிடம் பிரமாணப் பத்திரம் கேட்டார். நானும் கொடுத்தேன். தினமும் என்ன பார்க்கிறீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். காலையில் ஒரு கடைக்காரர் சரக்கு இறக்குவதற்காகத் தன் வேனைப் பேருந்து நிறுத்தத்திலேயே நிறுத்துகிறார் என்றும், அதனால் வயதானவர்கள் ரோட்டில் இறங்கி நின்று ஏற வேண்டியிருக்கிறது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெயர் எழுதவில்லை. அந்த நிறுத்தத்தில் இருந்த கடை ஒன்றுதான், அண்ணை. பெயர் எதற்கு?

அந்த வார இடைவேளையில் தேநீர் குடிக்க வந்தபோது அந்தத் தாளின் நகல் கவுண்டரில் இருந்தது. நீங்கள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"பொய் எழுதியிருந்தால் மன்னிச்சிருப்பன், தங்கச்சி," என்றீர்கள். "சத்தியக் கடதாசியிலே உண்மையை எழுதிப் போட்டீர். நான் என்ன செய்யிறது?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உண்மைன்னு ஒத்துக்கிறீங்கள்ல? அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எட்டு மாதம். தினமும் உங்கள் வாசலில் பேருந்தை நிறுத்தினேன். நீங்கள் வெளியே பத்திரிகைத் தட்டை அடுக்கிக்கொண்டிருப்பீர்கள், திரும்பமாட்டீர்கள். யாரும் ஏறாத நாளிலும் நான் வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். திரும்பிப் பாரேன் மனுஷா என்று மனசுக்குள் திட்டுவேன். இறங்கி வந்து ஒரு வார்த்தை பேச எனக்கும் தோன்றவில்லை. தோன்றியது, செய்யவில்லை.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தது. சரியாகக் கேட்கவில்லை, மறுபடி முதலிலிருந்து கருத்துக் கேளுங்கள் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்று நீங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் சும்மா லாலிபாப் கொடுத்தீர்கள். அத்தனையும் என் பேருந்தில்தான் ஏறின. வாயில் குச்சியோடு, "ஃப்ரீ, மிஸ்!" என்று என்னிடமே காட்டின. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நிறுத்தத்தைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

அந்த வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை தேர்தல். அதே பள்ளி மண்டபம், அதே இரண்டு நாற்காலி. உங்களை மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். நீங்களும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். உட்கார்ந்தோம். நீங்கள் தாளின் மேலே சுழி போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்தீர்கள். நானும் போட்டேன். மத்தியானம் உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். அப்படியே வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். நீங்கள் மூன்று மணி வாக்கில் எழுந்து போய் வாக்களித்தீர்கள். அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் ரொம்ப நேரம் நின்றீர்கள். இந்த ஊரில் ஒரே சீட்டில் இரண்டு வாக்கு, ஒன்று கட்சிக்கு, ஒன்று ஆளுக்கு. இரண்டு டிக் போட இவ்வளவு நேரமா என்று நினைத்தேன்.

திரும்பி வந்து பிளாஸ்கைத் திறந்தீர்கள். இஞ்சி போட்ட தேநீர். அந்த மணம் எட்டு மாதத்துக்குப் பிறகு வந்தது. பிளாஸ்க் மூடியில் ஊற்றி, நாற்காலிகளுக்கு நடுவில் இருந்த சின்ன மேசையில் வைத்து, என் பக்கமாகத் தள்ளினீர்கள்.

"ஆறப்போகுது. குடியும்."

அவ்வளவுதான். குடித்தேன், சீனி சரியாக இருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நன்றி என்றாவது, அந்தக் கழிப்பறை விஷயத்தையாவது. சுற்றி ஆட்கள் இருந்தார்கள் என்று இப்போது எனக்கு நானே சமாதானம் சொல்கிறேன். உண்மையில் கொஞ்சம் வீம்பும் இருந்தது. இவர் முதலில் இன்னும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அதற்குள் என் இடத்துக்கு அடுத்த ஆள் வந்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் பையைத் திறந்தால் உங்கள் பிளாஸ்க் மூடி உள்ளே இருந்தது. அவசரத்தில் என் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன். திங்கள் மழை. செவ்வாய் என்னை வேறு ரூட்டில் போட்டுவிட்டார்கள். புதன் என்ன காரணம் என்று நினைவில்லை, ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டேன். வியாழன் காலையில் கடை பூட்டியிருந்தது. நீங்கள் கடை பூட்டி நான் பார்த்ததே இல்லை. பேருந்தில் ஏறிய ஒருவர்தான் சொன்னார். மாரடைப்பாம்.

தகனத்துக்கு வந்தேன். கடைசி வரிசையில் நின்றேன்.

நம் தொகுதியில் முடிவு சொல்ல முடியாதபடி நெருக்கமாக வந்திருந்தது. எல்லா வாக்கையும் எண்ணி முடித்தபோது எங்கள் ஆள் முன்னால் இருந்தார். ஆனால் அந்த வித்தியாசத்தை என் பேருந்தில் ஏற்றினால் உட்கார்ந்துகொள்ள எல்லோருக்கும் இடம் இருக்கும். உங்கள் கட்சி மறு எண்ணிக்கை கேட்டது. மாவட்ட நீதிபதி ஒருவர் முன்னிலையில் ஒவ்வொரு சீட்டையும் மறுபடி எண்ணினார்கள். எங்கள் கட்சி என்னை முகவராக அனுப்பியது. உங்கள் கட்சி நாற்காலியில் வேறு யாரோ. அவர் சுழி போடவில்லை.

இரண்டாம் நாள் நம் பள்ளி மண்டபத்துக் கட்டு வந்தது. அதில் ஒரு சீட்டை எடுத்துத் தனியே வைத்தார்கள். நீதிபதி மேசைக்குப் போனது. நானும் எட்டிப் பார்த்தேன்.

சீட்டின் மேலே பிள்ளையார் சுழி. கீழே இரண்டு கோடு. கட்சி வாக்கு உங்கள் கட்சிக்கு. ஆள் வாக்கு எங்கள் ஆளுக்கு.

அண்ணை, நான் மறுபடியும் எட்டிப் பார்த்தேன்.

உங்கள் கட்சி வக்கீல், சின்ன வயசுக்காரர், எழுந்து பேசினார். "இது என்ன குறி என்று தெரியவில்லை. வாக்காளர் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளப் போட்டதாக இருக்கலாம். இதை எண்ணக்கூடாது." நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்தார். "இது என்னவென்று இங்கே யாருக்காவது தெரியுமா?"

நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். நாங்கள் எதை எழுதத் தொடங்கினாலும் மேலே பிள்ளையாரை நினைத்து இப்படி ஒரு சுழி போடுவோம், கணக்குத் தேர்விலும் போடுவோம், கடைக்குப் போகும் பட்டியலிலும் போடுவோம் என்றேன். நீதிபதிக்குச் சிரிப்பு வந்தது. "பட்டியலிலுமா?" என்று கேட்டார். "ஆமாம், அம்மா. கத்தரிக்காய்க்கு மேலே."

வக்கீல் விடவில்லை. என் பக்கம் திரும்பினார். "அப்படியானால் இந்த வாக்காளர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

வக்கீல் ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டது அது இரண்டாம் தடவை. முதல் தடவை பார்த்ததைச் சொன்னேன், உங்களை இழந்தேன். இரண்டாம் தடவை, "தெரியாது," என்றேன்.

வாக்காளரின் விருப்பம் தெளிவாக இருக்கிறது, எண்ணுங்கள் என்றார் நீதிபதி. சீட்டு எங்கள் ஆளின் கட்டுக்குள் போய் விழுந்தது. எங்கள் ஆள் ஜெயித்தார். அந்த ஒரு சீட்டு இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கழிப்பறைக்குப் போய் நின்று அழுதேன். அங்கே மட்டும் எனக்கு நேரம் கிடைத்தது, பாருங்கள்.

நான் சொன்ன அந்தத் 'தெரியாது' பொய்யா, அண்ணை? இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. தெரியும் என்று நெஞ்சு சொன்னது. ஆனால் இந்தத் தொகுதியில் சுழி போடுகிற வீடு உங்களுடையது மட்டுமா? அது உங்கள் சீட்டு என்றே வைத்துக்கொள்வோம். என்னை மன்னித்துத்தான் போட்டீர்களா? இல்லை, பால் வாங்காத அந்தப் பையன் மேல் இருந்த கோபத்தில் போட்டீர்களா? ஒரு வாக்கை எனக்கு எழுதிய கடிதமாகப் படிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ரகசிய வாக்கு என்பதற்காகத்தானே அந்த அட்டை மறைப்பே வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் மனசில் போட்டுக் குழப்பிக்கொண்டு, உங்கள் முப்பத்தொன்றாம் நாள் காரியம் கழிந்த பிறகு ஒரு சனிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா தேநீர் போட அடுப்படிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. அரிசிமா, வெங்காயம், சோப். மேலே சுழி. கீழே இரண்டு கோடு.

"அவர் எழுதினதாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை, நான்தான். நேற்று எழுதினது. ரெண்டு கோடு போடாட்டி அவர் விடமாட்டார், அப்பிடியே பழகிப் போச்சு."

அன்று மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்து, வரிசையில் நின்று, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாரே, அந்த அக்கா. "அன்றைக்கு நீங்கள் யாருக்குப் போட்டீர்கள், அக்கா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அதைக் கேட்கிற ஆளாக நான் ஆகக்கூடாது.

பையிலிருந்து மூடியை எடுத்து மேசையில் வைத்தேன். தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டேன், உடனே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்கள் பைக்குள்ளை வைக்கேக்கை அவர் பாத்தவர்," என்றார். "வீட்டை வந்தோடன சிரிச்சுக்கொண்டு சொன்னவர். 'மூடி அவவிட்டைப் போயிட்டுது. கூப்பிட்டுச் சொல்லேல்லை. திருப்பித் தரக் கடைக்கு வருவா தானே, அப்ப கதைக்கலாம்' எண்டு."

திங்கள் மழை பெய்தது, அண்ணை. நான் ஒன்றும் சர்க்கரைக் கட்டி இல்லை, வந்திருக்கலாம். செவ்வாய் வேறு ரூட், சாயந்திரம் வந்திருக்கலாம். புதன்கிழமை என்ன காரணம் சொல்லிக்கொண்டேன் என்பதுதான் இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. வந்தால் எனக்கு நானே ஓர் அறை விட்டுக்கொள்ளலாம்.

மூடியைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா வாங்கவில்லை. "வச்சிருங்கோ," என்றார்.

அதற்குப் பிறகு இந்த இரண்டு மூன்று வருடத்தில் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் தலை சுற்றும். நகரசபை மறுபடி கருத்துக் கேட்டது, கேட்டுவிட்டு அதே தடத்தைப் போட்டது. அக்கா கடையைக் கொடுத்துவிட்டு மகளிடம் பாபகூராவுக்குப் போய்விட்டார். ஆட்சிக்கு வந்திருந்தது உங்கள் கட்சி. எங்கள் ஆள் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார். இப்போது தடத்தை எடுத்துவிட்டார்கள். உங்கள் கட்சி, எங்கள் சாதனை என்கிறது. எங்கள் ஆளும் அந்தப் பலகையின் கீழே நின்று சிரித்தபடி படம் எடுத்துத் துண்டுத்தாளில் போட்டிருக்கிறார். என் பேருந்து மறுபடி நகராமல் நிற்கிறது. இதில் நீங்கள் ஜெயித்தீர்களா, நான் தோற்றேனா என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. இன்னும் சில மாதத்தில் மறுபடி தேர்தல். கட்சியிலிருந்து கூப்பிட்டார்கள், அதே மண்டபம், அதே நாற்காலி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போவேன் என்றுதான் நினைக்கிறேன். யாருக்கு வாக்களிப்பேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

இன்று தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். இடைவேளையில் ஏழு நிமிடம்தான் மிச்சம். முதலில் கழிப்பறைக்கு ஓடினேன். அதை உங்களிடம் இப்போதாவது சொல்லிவிட்டேன். திரும்பி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, என் பிளாஸ்கிலிருந்து உங்கள் மூடியில் இஞ்சித் தேநீர் ஊற்றினேன். தினமும் அதில்தான் குடிக்கிறேன். என் பிளாஸ்குக்கு அந்த மூடி பொருந்தாது, அதனால் தனியாகப் பையில் கிடந்து உருண்டுகொண்டே வரும். வளைவில் திரும்பும்போதெல்லாம் சத்தம் கேட்கும்.

அந்தச் சீட்டு உங்களுடையதா என்று எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. இந்த மூடி உங்களுடையது. நீங்கள் பார்த்துக்கொண்டுதான் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள்.

குடித்துவிட்டேன், அண்ணை. ஆறவில்லை.